கித்தேரியம்மாளின் எச்சில்

கித்தேரியம்மாளின் வாயில் ஊற வேண்டிய எச்சில் ஊராரின் வாய்களில் ஊறத் தொடங்கிய வருஷம் புன்னைத்துறையில் சீலா மீன் நன்றாகப் பட்டது. அதனால்தானோ என்னவோ, அந்த விஷயத்தை எங்கள் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன, ஐஸ் வண்டிகள் மணலில் புதைந்து புதைந்து எழுந்துகொண்டிருந்தன, கூடை இல்லாத கையே கடற்கரையில் இல்லை. இப்படி வேலை தலைக்கு மேல் இருக்கும்போது அதிசயத்துக்கு நின்று வாய் பிளக்க யாருக்கு நேரம்?

கித்தேரியம்மாள் எங்கள் கரையில் ஏலம் கூறுகிறவள். ஆண்கள் மட்டும் கூறிக்கொண்டிருந்த ஏலத்தை, அவளுடைய அப்பா காய்ச்சலில் விழுந்த ஒரு காலையில், பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் குவியலின் முன்னால் வந்து நின்று அவள் கூற ஆரம்பித்தாள். அப்பா காய்ச்சல் தெளிந்து வந்த பிறகும் வியாபாரிகள் அவளையே கூறச் சொன்னார்கள். அந்த வாயிலிருந்து சொற்கள் வந்த வேகத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரு விலையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த விலை அதன் தோளில் ஏறி நிற்கும். நடுவில் கேலி, நடுவில் மாதாவின் பேரில் சத்தியம், நடுவில் பின்வரிசையில் நழுவப் பார்க்கிற ஒருவனைப் பெயர் சொல்லி இழுத்து நிறுத்துகிற அதட்டல், எல்லாம் ஒரே மூச்சில், ஒரே ஈரத்தில், கல்லிடுக்கில் ஓடுகிற வாய்க்கால்போல வழுக்கிக்கொண்டு வரும். அவளுடைய தங்கை பிரகாசி பக்கத்தில் நின்று மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே சுவரை நடுவில் வைத்து அடுத்தடுத்த வீடு.

முதலில் ஒட்டிக்கொண்டது நாக்கு. ஒரு விளமீன் குவியல் பாதி ஏலத்தில் நிற்கும்போது கித்தேரியம்மாளின் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது; விரலை விட்டுப் பிரித்துத்தான் மீதியைச் சொன்னாள். வெயில் என்றாள். பிறகு மழைக்காலம் வந்தது, அப்போதும் ஒட்டியது. ரஸ்க்கை டீயில் முக்காமல் தின்ன முடியவில்லை, பிறகு முக்கியும் தின்ன முடியவில்லை. பற்கள் உப்புக்கல்போல ஓரம் ஓரமாக உதிர்ந்தன. கண்ணில் மணல் விழுந்ததுபோல எப்போதும் உறுத்தல். கொழுந்தன், புருஷனின் தம்பி, கடலில் போய்ச் சேர்ந்தபோது அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், ஒரு சொட்டு வரவில்லை, பார்த்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை வாங்கினால் நற்கருணை அப்பம் கரையாமல் அண்ணத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கர்த்தரைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு ஞாயிறு காலை முழுக்க அவள் அடுக்களையில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

விரல் மூட்டுகளும் வீங்கத் தொடங்கிய பிறகு அவளுடைய புருஷன் சூசை, கிழிந்த வலையைப் பொத்துகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, அவளைத் தூத்துக்குடிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு இளவயது டாக்டரம்மா அவள் கண் இமைக்குள் காகிதத் துண்டைச் சொருகிவைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், கீழுதட்டின் உட்புறத்திலிருந்து ஒரு நறுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். பிறகு அடுத்த தடவை போனபோது உட்காரவைத்துச் சொன்னாள்.

“நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கும்மா. வெளியில இருந்து வர்ற கிருமிய அடிக்கிறதுதான் அதுக்கு வேலை. உங்களுக்கு அது எச்சில் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் அந்நியன்னு நினைச்சு அடிக்குது. ஷோகிரன் நோய்னு பேரு.”

“நம்ம படையே நம்மள அடிக்குமா டாக்டர்?”

“சிலருக்கு அடிக்கும்.”

“நான் அதுக்கு என்ன பண்ணினேன்?”

“நீங்க எதுவும் பண்ணலம்மா. ஏன் வருதுன்னு இன்னும் சரியாத் தெரியல. முழுசாக் குணமாகாது, ஆனா கட்டுப்பாட்டுல வச்சிருக்கலாம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடிங்க, சர்க்கரை போடாத மிட்டாய சப்புங்க, பல்ல கவனமாப் பாத்துக்குங்க, கண்ணுக்குச் சொட்டு மருந்து தர்றேன்.”

“அப்ப எனக்கு ஊற வேண்டிய எச்சி எங்க போகுது?”

“எங்கயும் போகலம்மா. ஊறவே இல்ல.”

டாக்டரம்மா மற்றதெல்லாம் சரியாகத்தான் சொன்னாள். சூசை வீட்டுக்கு வந்து நோயின் பெயரைச் சொல்ல, ஊர் அதைத் தன் வாய்க்கு ஏற்றாற்போல் சோகரோகம் என்று மாற்றி வைத்துக்கொண்டது.

எச்சில் எங்கே போகிறது என்று முதலில் தெரிந்துகொண்டவள் பிரகாசி. ஒரு பகல்பொழுதில் கித்தேரியம்மாள் தன் வீட்டில் படுத்துக்கொண்டு, பச்சை மாங்காயைக் கல்லில் தட்டி உடைத்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு கடிப்பதை நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்க ஆசை ஏறியது, தாடை இரண்டும் வலித்தன, வாய்மட்டும் ஓடுபோல் காய்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் கணவாய் மீன் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த பிரகாசிக்கு வாயில் குபுக்கென்று தண்ணீர் ஊறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது. கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. எழுந்து வந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“எக்கா, நீ மாங்கா நெனச்சியா?”

“ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?”

“என் வாயில ஊறுது.”

கித்தேரியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். “மாங்கான்னு எப்படிச் சொன்ன?”

“மொளகாத்தூளு தொட்ட மாதிரி நாக்கு நுனி எரியுதுக்கா,” என்றாள் பிரகாசி, முழுங்கிக்கொண்டே.

அடுத்த நாள் கரையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கித்தேரியம்மாள் ஏலம் கூறமுடியாமல் ஓரமாகக் கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின்மேல் உட்கார்ந்து, பிரகாசி தட்டுத்தடுமாறிக் கூறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுத்த சீலா ஒன்றைத் தூக்கி மணலில் போட்டார்கள். அதன் வயிற்றுப் பளபளப்பைப் பார்த்ததும் அவளுக்குப் புளியும் தேங்காயும் கரைத்து விட்ட குழம்பும் அதில் மிதக்கிற தலைத்துண்டும் நினைவுக்கு வந்தன. அவள் அந்த மீனை ஆசையோடு, உள்ளங்கால் வரைக்கும் ஓடுகிற ஆசையோடு பார்த்தாள். உடனே சுற்றி நின்ற வியாபாரிகள் எல்லோருடைய வாயும் நிறைந்தது. தொண்டைகள் ஏறி இறங்கின. ஒருவன் துண்டை எடுத்து வாயோரம் துடைத்தான். அந்தச் சீலாவை யாரும் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

அப்போதிலிருந்து எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்து கஞ்சி இறங்காதவர்கள் வீட்டிலிருந்து கித்தேரியம்மாளுக்கு ஆள் வரும், “மைனி, எங்க வீட்டு மனுசன் மூணு வேளையாச் சாப்பிடல, கொஞ்சம் நாரத்தங்கா நெனைங்களேன்” என்று கேட்டுவிட்டுப் போவார்கள், அவள் நினைப்பாள், அங்கே கஞ்சி இறங்கும். டீக்கடைக்காரர் வடை போடும் நேரத்துக்கு அவளைத் தன் கடை வாசலில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். பல்லில்லாத கிழவர்கள் முறுக்கு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் தாளை நனைத்துவிடுகிறார்கள் என்று வாத்தியார் வந்து முறையிட்டபோது, காலையில் பரீட்சை முடியும்வரை அவள் சாப்பாட்டை நினைப்பதில்லை என்று ஒத்துக்கொண்டாள். தவசுகாலத்தின் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி விரதம் இருக்கிறவர்கள் வாயில் கருவாட்டுக் குழம்பு ஊறினால் ஒருசந்தி முறிந்ததாகுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். சாமியார் யோசித்துவிட்டு, ஊறினால் முறியாது, ரசித்து விழுங்கினால் முறியும் என்று சொல்லிவிட்டார்.

இதில் சங்கடப்பட்டவர் ஒருவர்தான். உள்நாட்டிலிருந்து மீன் எடுக்க வருகிற சங்கரலிங்கம் என்ற வியாபாரி, இத்தனை வருஷமாக எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் குடித்தவரில்லை, டீயைக்கூடத் தன் சொந்தத் தம்ளரில்தான் வாங்கிக் குடிப்பார். தன் வாயில் இருப்பது கித்தேரியம்மாளின் எச்சில் என்று கேள்விப்பட்ட காலையில் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். துப்பினார். துப்பத் துப்ப ஊறியது. கடைசியில் ஒரு பெரிய பாறைமீன் வந்து விழுந்ததும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பிறகு அவர் தம்ளர் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

ஊர் இப்படித் தன் வசதிக்கு ஒரு நாற்காலி போட்டு அதிசயத்தை உட்காரவைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் மனசுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அவள் தொண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெதையும் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். எதிரே வருகிறவர் யாரென்று முகத்தைப் பார்த்து அறிவதற்கு முன்னால் விழுங்குகிற விதத்தை வைத்து அறிந்தாள். பூசையில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி ஒரு மடக்கு விழுங்கும்போது, அந்த மெல்லிய சத்தம் அவள் காதில் மணியடித்ததுபோல் கேட்டது. குழந்தைகள் எச்சில் வழிய நிலக்கடலை மிட்டாயைச் சப்புவதைப் பார்த்தால் பிடுங்கி எறியவேண்டும்போல் இருந்தது. தைக்கிற பெண்கள் ஊசியில் கோக்க நூல் நுனியை நாக்கில் நனைப்பதைப் பார்த்தாலும், கடைக்காரர் விரலை நனைத்துக் காகிதத்தைப் புரட்டுவதைப் பார்த்தாலும், நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. மடக்கு மடக்காகக் குடித்தாள். குடித்த தண்ணீர் வாயை நனைத்துவிட்டு வழிப்போக்கன்போல் போய்விட்டது, தங்கவில்லை. தண்ணீர் வேறு, எச்சில் வேறு என்பது அது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

சூசை நல்ல மனுஷர். அவள் கண்முன்னால் சாப்பிடக்கூடாதென்று தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

“என்னத்துக்குத் திருடன் மாதிரி தின்னுதிய?” என்றாள் ஒருநாள், அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று.

“ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா.”

“சத்தம் கேக்குதே. நீங்க சவைக்குற சத்தம் வீடு முழுக்கக் கேக்குது.”

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, வாயில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். அவள் அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய உப்பிய கன்னத்துக்குள் சோறு நனைந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் எல்லா வாய்களையும்விட அவள் பொறாமைப்பட்டது பிரகாசியின் வாயைப் பார்த்துத்தான். ஒரே சுவர் நடுவில் இருந்ததாலோ, ஒரே வயிற்றில் பிறந்ததாலோ, ஊரில் யாருக்கும் ஊறாத அளவுக்குப் பிரகாசிக்கு ஊறியது. தட்டுத்தடுமாறி ஏலம் கூறிக்கொண்டிருந்தவள், சில மாதத்தில், அக்கா கூறியதைவிட வேகமாகக் கூற ஆரம்பித்தாள். அதே கேலி, அதே சத்தியம், அதே அதட்டல், அதே வழுக்கல். பக்கத்துக் கரைகளிலிருந்து ஆட்கள் அவள் ஏலத்தைக் கேட்பதற்கென்றே வந்தார்கள். “ஒங்க தங்கச்சிக்கு என்ன வாய் மைனி!” என்று கித்தேரியம்மாளிடமே வந்து சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

ஒரு காலையில் சாளைக் குவியல் ஏலம் போய்க்கொண்டிருந்தது. பிரகாசிக்கு வாய் நிறைந்து சொல் தடுக்கியது. அவள் சட்டென்று திரும்பி, மணலில் காறித் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூறத் தொடங்கினாள். கித்தேரியம்மாள் கூடையின்மேல் உட்கார்ந்து அந்த இடத்தைப் பார்த்தாள். நுரை கொஞ்சநேரம் மினுங்கியது. பிறகு மணல் அதைக் குடித்துவிட்டது. அவ்வளவு ஈரம் தனக்குக் கிடைத்திருந்தால் ஒரு இட்லியைத் தின்றிருக்கலாம், ஒரு செபமாலையை முழுசாகச் சொல்லியிருக்கலாம், கொழுந்தனுக்கு மறுபடி ஒருமுறை அழுதிருக்கலாம். அவள் எழுந்து ஏலத்தின் நடுவில் போய் நின்றாள்.

“என் தண்ணிய எதுக்குளா துப்புத?”

பிரகாசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. “வாயில கெடந்து ஊறுதுக்கா. நான் என்ன செய்ய? நான் கேட்டனா?”

“கேக்காம வந்தா துப்பிருவியோ? விழுங்கு.”

“எவ்வளவுதான் விழுங்குவேன்? நீ ஆசப்படாம இரு. நீ வாயப் பொத்தினா நான் ஏன் துப்பப்போறேன்?”

கித்தேரியம்மாள் தங்கையின் ஈர உதட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி. ஆசப்படல,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். டீக்கடை நாற்காலி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆசைப்படாமல் இருப்பது எளிதாக வரவில்லை. அதற்கு அவள் செபமாலையைப் பிடித்துக்கொண்டாள். மாங்காய் நினைவு வந்தால் ஒரு மணியை நகர்த்தி இன்ஜின் ஆயிலை நினைத்தாள். குழம்பு நினைவு வந்தால் துருப்பிடித்த நங்கூரத்தை நினைத்தாள். பிறகு சுண்ணாம்பு, சாம்பல், சவுக்குக் கட்டை, காய்ந்த கடல்நுரை என்று நினைத்து நினைத்து, ஆசை வருகிற கதவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கஞ்சியைத் தண்ணியாகக் கரைத்து மருந்துபோல் குடித்தாள். மழை முடிந்து கிறிஸ்து பிறப்புக்கு ஊர் நட்சத்திர விளக்குப் போடும்போது அவளுக்குள் எதன்மேலும் ஆசை இல்லை.

ஊர் காய்ந்தது. இத்தனை நாளும் அவளுடைய எச்சில் தாராளமாகக் கிடைத்ததில் எங்கள் சொந்தச் சுரப்பிகள் சோம்பலாகி, தங்கள் வேலையை மறந்துபோயிருந்தன. ரஸ்க் தொண்டையில் நின்றது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர்கள் இலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பாட்டிலை வைத்துக்கொண்டார்கள், பிரியாணிக்குப் பதில் ரசம் சாதம் போடச் சொன்னார்கள். வாத்தியார் பாடம் நடத்துவதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். சண்டைக்காரர்கள் பாதியில் தண்ணீர் குடிக்கப் போய், சண்டையை மறந்துவிட்டுத் திரும்பி வரவில்லை. பூசையில் அப்பம் எல்லோருடைய அண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளவே, சாமியார் அதைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கத் தொடங்கினார். இதற்கும் ஊர் பழகிக்கொண்டது; குழாயடியில் பாட்டில் நிரப்ப வரிசை நின்றது, வரிசையில் யாரும் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான்.

கித்தேரியம்மாள் தெருவில் நடந்தாள். எதிரே வந்தவர்களின் உதடுகள் வெடித்திருந்தன, நாக்குகள் தடித்திருந்தன, சொற்கள் ஒட்டி ஒட்டி வந்தன. இவ்வளவு காலத்துக்குப் பிறகு பொறாமைப்பட ஒரு வாயும் இல்லாத ஊரில் அவள் நிம்மதியாக நடந்தாள். அந்த மார்கழியில் அவள் முகம் தெளிந்திருந்ததாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

சாமியார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துக்கொண்டார்கள்.

“கித்தேரி, ஊருக்காகக் கொஞ்சம் ஆசைப்படணும் நீ,” என்றார் சாமியார்.

“ஆசைய அடக்கு, ஆசைய அடக்குன்னு இத்தன வருசமா நீங்கதான சாமி பிரசங்கம் வச்சிய? இப்பதான் அடக்கியிருக்கேன்.”

சாமியார் வாயைத் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. மூடிக்கொண்டு எழுந்து போனார்.

பிரகாசி வரவில்லை. அவள் குரல் போய்விட்டது; ஏலத்தை வேறொருவன் கைவிரலைக் காட்டி நடத்திக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் அம்மியில் அரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கேட்கும்; கித்தேரியம்மாள் இந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த அமைதி தனக்குப் பிடித்திருப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

கிறிஸ்து பிறப்பு முடிந்து வந்த மூன்று ராஜாக்கள் திருநாளன்று எந்த வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. திருநாளும் அதுவுமாக இரண்டு வீடும் முகம் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று சூசை பிடிவாதமாகப் பிரகாசியையும் அவள் புருஷன் லீனஸையும் மத்தியானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். சாப்பாடு முடிந்து, வேகவைத்த பனங்கிழங்கை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். ஈரமான வாய்க்கே பனங்கிழங்கு மெல்ல நேரம் பிடிக்கும்; மாவும் நாருமாக இருக்கும். பிரகாசிக்குச் சின்ன வயசிலிருந்தே அதில் கொள்ளை ஆசை. நாரை உரித்து, ஒடித்து, ஒரு துண்டைக் கடித்தாள். மென்றாள். மறுபடி மென்றாள். அது மாவாகி, உருண்டையாகி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் இருமினாள். பிறகு இருமலும் வரவில்லை. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். லீனஸ் முதுகில் தட்டினான், சூசை தண்ணீரை வாயில் ஊற்றினார், ஊற்றிய தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. கண்கள் பிதுங்கின. உதடு கருத்துக்கொண்டு வந்தது. லீனஸ், “மைனி! மைனி! ஆசப்படுங்க மைனி!” என்று கத்தினான். அவன் சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

கித்தேரியம்மாள் மாங்காயை நினைத்தாள். இன்ஜின் ஆயில் வந்தது. நாரத்தங்காய் என்றாள், நங்கூரம் வந்து நின்றது. புளியைக் கூப்பிட்டாள், கருவாட்டைக் கூப்பிட்டாள், சீலாத் தலையைக் கூப்பிட்டாள், ஒவ்வொன்றும் சாம்பலும் சுண்ணாம்புமாக வந்தது. அவ்வளவு நன்றாகச் சாத்தியிருந்தாள் அந்தக் கதவுகளை. தங்கையின் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஐயோ, எனக்கு எதுவும் வேணாமே, எதுவும் வேணும்னு வர மாட்டேங்குதே!” என்று அலறினாள்.

மடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். திறந்து கிடந்த வாயைப் பார்த்தாள். நேராக இருந்த பற்களைப் பார்த்தாள். ஒன்றுகூட உதிராத பற்கள். தன்னிடமிருந்து போய், தன்னைவிட வேகமாக ஏலம் கூறிய நாக்கைப் பார்த்தாள். பக்கத்துக் கரைகளிலிருந்து ஆட்கள் கேட்க வந்தது இந்த வாயைத்தான். ‘என்ன வாய் மைனி’ என்று என்னிடமே வந்து சொன்னார்களே, இந்த வாயைத்தான். இது எனக்கு வேணும். மாங்காய் யாருக்கு வேணும், குழம்பு யாருக்கு வேணும், இந்த வாய் எனக்கு வேணும், இந்தத் தொண்டை வேணும், மணலில் அலட்சியமாகக் காறித் துப்புகிற இந்தக் கொழுப்பு எனக்கு வேணும். எந்தக் கதவையும் சாத்தாத இடத்திலிருந்து, அவள் சாத்த நினைக்காத ஒரே இடத்திலிருந்து, அது கிளம்பி வந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை. முழுசாகப் பொறாமைப்பட்டாள். வாசலில் நின்ற தெருவுக்கு முன்னால், புருஷனுக்கு முன்னால், சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால், வெட்கமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பொறாமைப்பட்டாள்.

பிரகாசியின் வாய் நிறைந்தது. வாயோரம் வழிந்தது. தொண்டைக்குள் ஏதோ வழுக்குகிற சத்தம் கேட்டது. அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கிழங்கு உருண்டை எச்சிலும் கோழையுமாகக் கித்தேரியம்மாளின் மடியில் வந்து விழுந்தது. மூச்சு உள்ளே போன சத்தத்தை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டோம். அப்புறம்தான் எங்கள் வாய்களும் நிறைந்திருப்பதைக் கவனித்தோம். அது மாங்காயின் எச்சிலும் இல்லை, குழம்பின் எச்சிலும் இல்லை. ஒருமாதிரி துவர்ப்பாக இருந்தது. ஆனால் வழுக்கியது.

லீனஸ் தரையில் உட்கார்ந்து அழுதான். பிரகாசி அக்காவின் மடியிலிருந்து எழாமலே கேட்டாள். குரல் கரகரவென்று வந்தது. “எக்கா, என்னத்த நெனச்ச?”

“ஒன்னத்தான்.”

“என்னையவா? பாசமாவா?”

“பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. பொறாமையா.”

பிரகாசி அக்காவின் மடியில் கிடந்த ஈரத்தைத் தன் சேலை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கித்தேரியம்மாளுக்குக் குணமாகவில்லை. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையால் மூட்டு வீக்கம் வற்றியது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாள். உதிர்ந்த பற்களுக்குப் பதில் பல் கட்டியிருக்கிறாள். ஊரிலும் எங்கள் சுரப்பிகள் மெல்ல மெல்லப் பழைய வேலையைக் கற்றுக்கொண்டன. அதற்குப் பொங்கல் தாண்டி, பங்குனியும் ஆயிற்று. இப்போது அவளிடம் நாரத்தங்காய் நினைக்கச் சொல்லி யாரும் ஆள் அனுப்புவதில்லை. ஆனால் அவள் தெருவில் போகும்போது எதையாவது மென்றுகொண்டிருப்பவர்கள் அவளுக்கு முன்னால் மறைக்காமல் மெல்லுகிறார்கள், அவளும் மறைக்காமல் முறைக்கிறாள், அவர்கள் வாயில் கொஞ்சம் துவர்ப்பாக ஊறுகிறது, தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். சூசை அடுக்களையிலேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

ஏலத்தை அக்காவும் தங்கையும் சேர்ந்து கூறுகிறார்கள். பெரிய மீன் வந்தால் கித்தேரியம்மாள் கூடையிலிருந்து எழுந்து வருவாள். ஒரு விலை சொல்வாள், நிறுத்திப் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடிப்பாள், அடுத்த விலை சொல்வாள். அந்த இடைவெளியில் யாருக்கும் பொறுக்காது. அவள் வாயிலிருந்து அடுத்த சொல் எப்போது வரும் என்று வியாபாரிகள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில்லறை மீனைப் பிரகாசி தன் வேகத்தில் கூறி முடிப்பாள். அவள் மணலில் துப்புவதில்லை என்று சொன்னால் பொய். துப்புகிறாள், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

போன சித்திரையில் ஒருநாள், ஏலம் முடிந்து கரை காலியான பிறகு, இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிரகாசி ஒரு நுங்கைக் கட்டைவிரலால் குடைந்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மோவாயில் வழிந்தது. கித்தேரியம்மாளுக்கும் ஒன்று இருந்தது. அவள் அதைச் சின்னச் சின்னதாக எடுத்து, நாக்கில் வைத்து, தண்ணீர் விட்டு இறக்கிக்கொண்டே தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொறாமையா இருக்காக்கா?” என்றாள் பிரகாசி.

“இருக்கு.”

“ரொம்பவா?”

“கொன்னுபோடலாம்போல இருக்கு.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, பிரகாசி வாய் நிறைய ஊறியதைத் துப்பாமல், அக்கா நன்றாகப் பார்க்கும்படி, மெதுவாக விழுங்கினாள்.